குளிர்நாட்டு வளவில் வாழையும் பனையும்: மாசியிலும் பச்சையாக நிற்க என்ன நடலாம்?

வளவுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்கிழக்கு லண்டன். வீட்டுப் பின்வளவு 6 மீட்டர் அகலம், 14 மீட்டர் நீளம். கனத்த களிமண். இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் பலகை வேலி, கோடியில் பக்கத்து வீட்டு மரத்தின் நிழல். ஊர் வளவு மாதிரி அடர்த்தியாக, மாசியிலும் பச்சையாக இருக்க வேண்டும். கண்ணாடி வீடு இல்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் செடி செடியாகப் போர்த்திக் கட்ட நேரமும் இல்லை. வாழை கட்டாயம் வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை வெளியில் நிற்குமா? எதிலிருந்து தொடங்குவது?

பன்னாடை:
முருங்கையும் கறிவேப்பிலையும் வெளியில் நிற்காது. கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து ஜூனில் வெளியே எடுங்கள். இரவு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். அதைத் தோட்டக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஊர்ச் செடிகளையே கொண்டுவந்து காப்பாற்றப் பார்த்தால் மார்கழி தோறும் போராட்டம்தான். பெரிய இலை, நெருக்கம், நிழல், தலைக்கு மேலே விரியும் மட்டை இவைதான் ஊர் வளவின் தோற்றம். அதைத் தரும் செடிகள் சீன மலைகளிலும் ஜப்பானிலும் தாஸ்மேனியாவிலும் இருக்கின்றன. உறைபனி அவற்றுக்குப் புதிதில்லை.

இங்கே நாற்றுக் கடை லேபிளில் H என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். H3 என்றால் −5 பாகை வரை, H4 என்றால் −10 வரை, H5 என்றால் −15 வரை தாங்கும். நிரந்தரமாக நிற்க வேண்டியவை எல்லாம் H4 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். H3 செடியை நம்பித் தோட்டத்தின் எலும்புக்கூட்டை அமைக்கக் கூடாது. சாதாரண ஆண்டுகளில் அது நன்றாகவே நிற்கும், ஒரு கடும் குளிர் வந்தால் போய்விடும். 2022 டிசம்பர் குளிரில் தெற்கு இங்கிலாந்து முழுக்க முன்முற்றங்களில் நின்ற, பனை போலத் தெரியும் கார்டிலைன்கள் அப்படித்தான் அழுகின. பல ஆண்டு வளர்ந்து கூரை தொட்ட மரங்கள் அவை.

பனைக்கு ட்ராகிகார்பஸ் ஃபார்ச்சுனை. விசிறி மட்டை, தண்டு முழுக்கப் பன்னாடை, வேரூன்றிய மரம் −12, −15 வரை தாங்கும். வளவில் காற்று அடிக்கிற மூலை இருந்தால் அங்கே அதன் குட்டை வகையான வாக்னேரியானஸை நடுங்கள். மட்டை சிறியது, விறைப்பானது, காற்றில் மடிந்து தொங்காது.

இலைநிழல்:
பன்னாடை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எந்தச் செடி என்பதற்கு முன்னால் எந்த இடம் என்று பாருங்கள். 6 மீட்டர் அகலத்தில் நடுவே புல்லும் ஓரத்தில் 60 சென்டிமீட்டர் பாத்தியும் வைத்தால், எந்தச் செடி நட்டாலும் அது ஓரத்தில் செடி வைத்த புல்வெளிதான். பாத்தி ஒரு பக்கமாவது 2 மீட்டர் அகலம் வேண்டும். பாதையை நேராக ஓட விடாமல், நடுவில் ஒரு முறை வளைத்து, வளைவின் உள்பக்கம் ஆளுயரச் செடி ஒன்றை வையுங்கள். கோடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் 14 மீட்டர் வளவின் நீளம் பிடிபடாது.

பலகை வேலிக்குக் கருமையான பச்சை அல்லது கருஞ்சாம்பல் பூசுங்கள். மஞ்சள் பலகை பின்னால் தெரிந்தால் இலையின் வடிவம் எடுபடாது. கரும்பின்னணியில் வேலி மறைந்து இலை முன்னே வரும். செலவு குறைந்த வேலை, செடி நடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அடுக்கு மூன்று. மேலே பனை இரண்டு, ஒரே உயரத்தில் வேண்டாம். நடுவே ஃபாட்சியா ஜப்பானிகா, லோக்குவாட், வாழை. கீழே பன்னங்களும் (பெரணி) படரும் இலைகளும். என்றும் பச்சையாக நிற்பவை குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும். வாழை, கல்வாழை, இஞ்சிப்பூ எல்லாம் நவம்பரில் மறைந்துவிடும். மீதி இல்லாவிட்டால் மாசியில் வெறும் மண்தான்.

கோடியில் மர நிழல் என்றீர்கள். ஃபாட்சியாவுக்கு அதுதான் இடம். கை அகல விரிந்த, பளபளப்பான இலை. வெயிலில் வைத்தால் வெளிறும், நிழலில் கரும்பச்சை. உறைபனி விழுந்த காலையில் இலை முழுக்கத் தொங்கிச் செத்ததுபோல் தெரியும். வெட்டிவிடாதீர்கள். குளிர் விலகினால் நிமிர்ந்துவிடும்.

மூடாக்கு:
கனத்த களிமண் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் இந்த இழையிலேயே முக்கியமான சொல் அதுதான். இங்கே குளிரால் சாகும் செடியைவிட, குளிர்கால ஈரத்தில் அழுகும் செடி அதிகம். −8 தாங்கும் என்று லேபிள் சொல்வது வடிகால் உள்ள மண்ணில். அதே கிழங்கு நீர் தேங்கிய மண்ணில் −3இலேயே கூழாகிவிடும்.

முதலில் ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் நாலைந்து மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் நின்றால் பாத்தியை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

களிமண்ணில் மணலைக் கொட்டிக் கிளறாதீர்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் இறுகிப்போகும். மக்கிய உரத்தை 7 சென்டிமீட்டர் பரப்பி, மேல் 20 சென்டிமீட்டர் மண்ணோடு தோட்ட முள்கரண்டியால் கலந்துவிடுங்கள். 10 சதுர மீட்டர் பாத்திக்கு அது 0.7 கன மீட்டர், கட்டடப் பொருள் கடையில் தரும் பெரிய மொத்தப் பை ஒன்று. பனை நடும் இடத்தை மட்டும் 20–25 சென்டிமீட்டர் மேடாக்கி, 6 மில்லிமீட்டர் சரளையை மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். மழை பெய்த மறுநாள் களிமண்ணில் ஏறி மிதிக்காதீர்கள், செய்த வேலை முழுக்க வீண்.

குழிக்கு அடியில் மட்டும் சரளையைக் கொட்டுவதும் தவறு. சுற்றிலும் களி இருக்கும்போது அந்தக் குழி ஒரு கிணறு. பாத்தி முழுக்கத் தண்ணீர் அங்கே வந்து நிற்கும்.

குருத்து:
வாழைக்கு வருகிறேன். இங்கே மண்ணில் நிற்கும் வாழை மூசா பாஸ்ஜூ ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வாழை என்று விற்பார்கள், சொந்த ஊர் சீனா. காய் வரும் ஆண்டுகளும் உண்டு, உள்ளே விதைதான், சாப்பிட முடியாது. இலைக்காக வைக்கிறோம்.

மூன்று பாகத்துக்கும் மூன்று கணக்கு. இலை முதல் உறைபனியிலேயே கருகும். தண்டு −3, −4இல் சாகத் தொடங்கும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு, மேலே மூடாக்கு (சருகுப் போர்வை) இருந்தால் −10க்குக் கீழேயும் பிழைக்கும். நீங்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை கூடும், குறையும்.

உயரம் வேண்டுமென்றால் தண்டைக் காக்க வேண்டும். முதல் உறைபனியில் இலை கருகியதும் இலைகளை மட்டும் வெட்டுங்கள். தண்டைச் சுற்றி 60 சென்டிமீட்டர் விட்டத்தில் கோழிவலையால் கூண்டு, நாலு கம்பு அடித்துக் கட்ட வேண்டும். உள்ளே உலர்ந்த வைக்கோல், அழுத்தாமல் நிரப்புங்கள். ஒன்றரை மீட்டர் தண்டுக்கு ஒரு சிறிய கட்டு வைக்கோல் போதும், சில சமயம் கொஞ்சம் கூட. மேலே மட்டும் மழை உள்ளே போகாதபடி ஒரு தட்டு அல்லது தகரம். பக்கங்களை மூடக் கூடாது. இங்கேதான் பலரும் பிளாஸ்டிக்கைச் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் அடைந்து, குளிர் தொடாத தண்டு அழுகிக் கையோடு வரும். பிரிப்பது ஏப்ரல் நடுவில். மார்ச் வெயிலைப் பார்த்து ஏமாந்து பிரித்தால் புதுக் குருத்தை ஏப்ரல் உறைபனி சுடும்.

மூடாக்கு:
@குருத்து அவருக்குக் கட்டிப் போர்த்த நேரமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நவம்பரில் தண்டை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு, சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு 30 சென்டிமீட்டர் காய்ந்த இலைச் சருகு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே வலை. அவ்வளவுதான். மே மாதம் கீழிருந்து குட்டிகள் வெடித்துவரும். வேரூன்றிய தூர் என்றால் ஆகஸ்டில் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

குருத்து:
தாண்டும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஐந்தாறு மெல்லிய தண்டுகளாக வரும், பருத்த ஒற்றைத் தண்டு கிடைக்காது. ஜூன் வரை அந்த இடம் வெறுமையாகவும் இருக்கும். போர்த்தாத வழியைத் தேர்ந்தால் ஜூன் தொடக்கத்தில் வலுவான மூன்று குட்டிகளை விட்டு மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதர்தான். லண்டனில், சுவரோரத்தில் நின்றால் மிதமான குளிர்காலத்தில் போர்த்தாத தண்டே பாதி பிழைக்கும். மார்ச் முடிவில் மேலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். பழுப்புக் கூழ் போய் வெள்ளை, இறுகிய வட்டம் தெரிந்தால் நிறுத்துங்கள். அந்த வட்டத்தின் நடுவிலிருந்தே குருத்து சுருளாக எழும்பும்.

தீனியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். ஏப்ரல் முடிவிலும் ஜூனிலும் கோழியெரு உருண்டை சதுர மீட்டருக்கு 150 கிராம், ஜூலையில் வாரத்துக்கு இரண்டு முறை நிறைய நீர். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து கொடுக்கக் கூடாது. செப்டம்பரில் வளரும் இளந்தண்டு நீர் நிறைந்தது, அதுதான் முதலில் உறையும்.

வளவுக்காரன்:
சருகு வழிதான் எனக்குச் சரி. நிழல் கோடியில் மரப்பன்னம் ஒன்று வைக்க ஆசை. விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பன்னாடை:
டிக்சோனியா அண்டார்டிகா. விலை தண்டின் உயரத்துக்கு. ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் ஒரு மீட்டர் தண்டு என்றால் பல பத்து ஆண்டுகளின் வளர்ச்சி. ஆகவே உயரத்துக்குப் பணம் கொடுப்பது இதற்குத்தான் பொருந்தும். பனைக்கு நேர் எதிர். 10 லிட்டர் சாடிப் பனை வாங்கி நட்டால், மூன்று ஆண்டில் வேர் பிடித்து, பிறகு ஆண்டுக்கு 20–30 சென்டிமீட்டர் தண்டு ஏறும். பெரிய பனையை வாங்கி நட்டால் இரண்டு மூன்று ஆண்டு அசையாமல் நிற்கும், அதற்குள் சிறியது எட்டிப்பிடித்துவிடும்.

மரப்பன்னத்தின் தண்டு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் பின்னிப்போன வேர்தான். அதனால் தரைக்கு ஊற்றும் நீரைவிடத் தண்டுக்கு ஊற்றும் நீர் முக்கியம். வாங்கும்போது வெறும் கட்டையாக இருந்தால் மண்ணில் 10–15 சென்டிமீட்டர், சாயாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் புதைத்து, முதல் கோடை முழுக்கத் தினமும் உச்சியிலிருந்து கீழ்வரை நனையுங்கள். மழைநீர் இருந்தால் நல்லது. முதல் ஆண்டு இலை சிறிதாக வந்தால் கவலை வேண்டாம்.

குளிரில் இதன் உயிர் உச்சியில் இருக்கும் மொட்டில். −5க்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் உச்சிக் குழிக்குள் இரண்டு கைப்பிடி வைக்கோலைத் திணித்துவிடுங்கள், மார்ச் முடிவில் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, இதை மட்டும் தவிர்க்காதீர்கள். இலை கருகினாலும் மொட்டு இருந்தால் மே மாதம் பத்துப் பன்னிரண்டு சுருள்கள் ஒரே நேரத்தில் எழும்பும். பழுப்பு மயிர் போர்த்த, விரல் மொத்தச் சுருள்கள். அந்த நாட்களில் நீர் குறைந்தால் சுருள் பாதியில் முடங்கிவிடும்.

இலைநிழல்:
இடைவெளி நிரப்ப ஹெடிகியம், இஞ்சிக் குடும்பத்துப் பூச்செடி. எல்லா வகையும் இங்கே பூக்காது. வெள்ளை ஹெடிகியம் ஊரில் மணக்கும், லண்டனில் வெயில் போதாமல் மொட்டு வரும்போது உறைபனி வந்துவிடும். டென்சிஃப்ளோரம் வகையில் அசாம் ஆரஞ்ச், காக்சினியம் வகையில் தாரா, இரண்டும் ஆகஸ்டிலேயே பூக்கும். கிழங்கை மண் மட்டத்தோடு வைத்து, நவம்பரில் 15 சென்டிமீட்டர் மூடாக்கு. மே நடுவரை முளை தெரியாது. இறந்துவிட்டது என்று தோண்டிப் பார்த்து முளையை உடைப்பவர்கள் நிறைய, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

கல்வாழையும் ஆமணக்கும் விலை மலிவு, தோற்றம் பெரிது. லண்டன் பாட்டர்சி பூங்காவில் 1860-களில் ஜான் கிப்சன் அமைத்த வெப்பமண்டலப் பாத்திகள் இங்கே இந்த மோகத்தைத் தொடங்கிவைத்தன. இளவயதில் செடி சேகரிக்க இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டரில் 1993-இல் கிறிஸ்டோபர் லாய்டும் ஃபெர்கஸ் காரெட்டும் பழைய ரோஜாத் தோட்டத்தை எடுத்துவிட்டு வாழையும் கல்வாழையும் நிறைந்த தோட்டமாக மாற்றியபோது பலருக்குக் கோபம். அடர்த்தி என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே போய் வாருங்கள்.

ஆமணக்கு விதை ஏப்ரலில் வீட்டுக்குள், 20 பாகைச் சூட்டில். ஜூனில் வெளியே. ஒரே கோடையில் ஆளுயரம். விதை கடும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பூக்கதிரை முற்றவிடாமல் வெட்டிவிடுங்கள்.

மூடாக்கு:
சேம்புக்கு நாற்றுக் கடைக்குப் போகாதீர்கள். தமிழ்க் கடையில் கறிக்கு விற்கும் சேப்பங்கிழங்கிலேயே நுனி மொட்டு கெடாத, அழுத்தினால் அமுங்காத கிழங்காகப் பொறுக்கி, ஏப்ரலில் சாடியில் ஊன்றி ரேடியேட்டருக்கு மேலே வைத்தால் மூன்று நாலு வாரத்தில் முளைக்கும். ஜூனில் 30 சென்டிமீட்டர் சாடிக்கு மாற்றி, அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் வற்றாமல் விடலாம். கோடையில் மட்டும் சேம்புக்குத் தேங்கிய நீர் பிடிக்கும். இந்தக் கிழங்கு மண்ணில் குளிர்காலம் தாங்காது, அக்டோபரில் எடுத்து உலர்த்தி 10 பாகைக்கு மேல் உள்ள இடத்தில் வையுங்கள். மண்ணிலேயே விட வேண்டுமென்றால் பிங்க் சைனா என்ற வகை, அதற்கும் மேலே சருகு.

மேயில் முளைக்கும் எல்லாவற்றுக்கும் எதிரி ஓடில்லா நத்தை. ஒரே இரவில் ஹெடிகியம், கல்வாழை முளைகளை மண்மட்டத்தோடு தின்றுவிடும். பழைய நீல மெட்டால்டிஹைட் குளிகை 2022 மார்ச் முடிவிலிருந்து இங்கே தடை. ஃபெரிக் பாஸ்பேட் குளிகையை முளை வெளியே வருவதற்கு முன்பே தூவுங்கள். நத்தைக்குள் புகுந்து கொல்லும் நூற்புழுவை விடுவது என்றால் மண் 5 பாகைக்கு மேல் இருக்கும்போது, ஈர மண்ணில், மாலையில் ஊற்ற வேண்டும். வெயிலில் ஊற்றினால் புழு செத்துவிடும்.

பன்னாடை:
நடக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபில்லோஸ்டாக்கிஸ் மூங்கில் எல்லாம் வேர் ஓடும். வேலிக்கு அந்தப் பக்கம் போய் எழும்பினால் பக்கத்து வீட்டோடு சண்டை. கட்டாயம் வேண்டுமென்றால் 60–70 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தடுப்பு, மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தெரிய வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்து மேலேறும் வேரை வெட்ட வேண்டும். ஃபார்கேசியா மூங்கில் ஓடாமல் தூராக நிற்கும், சின்ன வளவுக்கு அதுவே போதும்.

குடை அகல இலைக்காக கன்னெரா தேடாதீர்கள். இங்கே கன்னெரா மானிகாட்டா என்று விற்றவற்றில் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்ட டிங்டோரியா வகையின் கலப்பினம் என்று 2023-இல் தெரியவந்தது. விற்கவும் நடவும் கூடாது. ரியம் பால்மேட்டம் நடுங்கள், வடிவம் அதே பாணி.

டெட்ராபனாக்ஸ் ரெக்ஸ் அழகில் நிகரற்றது, இலை ஒரு மீட்டர் அகலம் வரும். வேரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கன்று எழும்பும், எட்டிப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இளந்தண்டின் பொடிமயிர் தொண்டைக்குள் போனால் இருமல் நிற்காது. வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள்.

பனிச்சறுக்கு:
டொராண்டோவிலிருந்து கேட்கிறேன். இந்தப் பட்டியல் எங்களுக்கு ஆகுமா? இங்கே −20 வரை போகும்.

குருத்து:
பனையும் மரப்பன்னமும் மண்ணில் ஆகாது, அதில் பணம் போடாதீர்கள். கோடை உங்களுக்குச் சாதகம். ஜூலை வெக்கையில் கல்வாழை, சேம்பு, ஆமணக்கு மூன்றும் லண்டனைவிட வேகமாக, பெரிதாக வளரும். அவற்றையே நடுங்கள். முதல் உறைபனிக்குப் பிறகு கல்வாழைக் கிழங்கைத் தோண்டி, நிலவறையில் 5–10 பாகையில், லேசாக ஈரமான மரத்தூளில் வையுங்கள்; சேம்புக்கு மூடாக்கு சொன்னபடி 10 பாகைக்கு மேல். பாஸ்ஜூ வீட்டுச் சுவரை ஒட்டி, 50–60 சென்டிமீட்டர் சருகுக்குக் கீழே பிழைக்க வாய்ப்பு உண்டு. நிரந்தரத்துக்கு ஹைபிஸ்கஸ் மாஸ்கியூடோஸ், தட்டு அளவு பூ, ஜூனில் தாமதமாக முளைக்கும், குளிர் ஒன்றும் செய்யாது. கடல்பா மரத்தை ஒவ்வொரு ஏப்ரலும் தரையோடு வெட்டி ஒரே தளிரை விட்டால் இலை இரட்டிப்பாகும்.

வளவுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. இப்போது அக்டோபர், பனைகள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. வாங்கி நட்டுவிடலாமா?

பன்னாடை:
வாங்கலாம், நடாதீர்கள். பனை வேர் சூடான மண்ணில்தான் வளரும். இப்போது நட்டால் ஏப்ரல் வரை வேர் ஓடாமல் ஈரக் களியில் நிற்கும். சாடியோடு வீட்டுச் சுவரை ஒட்டி, மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள். வாங்கும் முன் நடுக் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. கையோடு வந்தால் அடி அழுகியிருக்கிறது, தள்ளுபடிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஏற்கனவே வளவில் நிற்கும் பனையில் அப்படி நேர்ந்தால் வெட்டிவிடாதீர்கள். குருத்து இருந்த குழியில் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை அடங்கியதும் துடைத்து உலர்த்தி, மேலே மழை படாமல் மறைத்து, ஆகஸ்ட் வரை காத்திருங்கள். பல மரங்கள் மறுபடி குருத்து விடும், முதல் மட்டை குட்டையாக, பாதி அறுந்ததுபோல் வரும்.

இந்தக் குளிர்காலத்தில் வேலிக்குச் சாயம், பாத்திக்கு உரம், பாதை. பனையும் மரப்பன்னமும் ஏப்ரல் முடிவில், வாழையும் ஹெடிகியமும் மே நடுவுக்குப் பிறகு. முதல் கோடையில் பனைக்கு வாரம் 20 லிட்டர் தண்ணீர்.